புல் மருந்துக்குப் பழகுவதில்லை: இயற்கைத் தேர்வும் அதைக் கண்டடைந்த வரலாறும்

இலங்கையின் வன்னியில், முத்தையன்கட்டுப் பக்கத்தில் வயல் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "நெல் வயலில் களையாக முளைக்கும் நெற்சப்பிப் புல்லுக்கு அடிக்கிற மருந்து முன்போல வேலை செய்வதில்லை. புல் மருந்துக்குப் பழகிவிட்டது என்று அப்பா சொல்கிறார். பாடசாலையில் லாமார்க் பிழை, டார்வின் சரி என்று படித்தோம். அப்படியானால் அப்பா சொல்வது லாமார்க்கா, டார்வினா? பழகிப் பழகித்தானே உயிர்கள் மாறுகின்றன?"

பிள்ளை, சுருக்கமான விடையை நீர் ஏற்கனவே பாடப்புத்தகத்தில் படித்துவிட்டீர். அது போதாமல்தான் கேட்டிருக்கிறீர். ஆகவே விரிவாகவே எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேலாக வன்னிப் பாடசாலைகளில் இந்தப் பாடத்தைக் கற்பித்தவன் நான். இன்றும் இரண்டு ஏக்கரில் காலபோகம் செய்கிறேன். "பழகிவிட்டது" என்ற சொல்லை விடைத்தாள்களிலும் கண்டிருக்கிறேன், வரம்பில் நின்று பேசும்போதும் கேட்டிருக்கிறேன். உயிரியலில் இதைவிட அதிகமாக ஆளைத் தவறான வழிக்கு இழுத்துச் செல்லும் சொல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

உமது அப்பா கண்டது உண்மை. அதற்கு அவர் சொல்லும் காரணம், உயிர் தன் வாழ்நாளில் பழகிப் பெற்ற மாற்றம் பிள்ளைகளுக்கு இறங்கும் என்ற லாமார்க்கின் எண்ணம். வயலில் நடந்ததோ டார்வின் விளக்கியது. முதல் வருடம் மருந்து அடித்தபோது அந்த வயலில் நின்ற எண்ணற்ற நெற்சப்பிச் செடிகளில் ஏறத்தாழ எல்லாமே கருகியிருக்கும். எங்கோ ஒரு மூலையில் ஒன்றோ இரண்டோ கருகாமல் நின்றிருக்கும். அவை மருந்தைக் கண்டு தம்மை மாற்றிக்கொண்டவையல்ல. மருந்துப் போத்தல் கடைக்கு வருவதற்கு முன்னரே, அவற்றின் முன்னோரான ஏதோவொரு செடியில் தற்செயலாக நேர்ந்த ஒரு விகாரத்தின், அதாவது பரம்பரையாக இறங்கும் ஒரு மாற்றத்தின், பயனாக, அந்த மருந்தைத் தாங்கும் இயல்போடு முளைத்தவை. மருந்தே அடிக்காமல் விட்டிருந்தாலும் அவற்றிடம் அந்த இயல்பு இருந்திருக்கும். அதனால் ஒரு பயனும் இருந்திராது, ஒருவருடைய கண்ணிலும் அது பட்டிராது. பக்கத்தில் நின்றவை கருகிப் போனதால் வெளிச்சமும் பசளையும் அந்த இரண்டு செடிகளுக்கே கிடைத்தன. அடுத்த போகத்துக்கான விதையை அவையே உதிர்த்தன. அதற்கடுத்த போகத்தில் அவற்றின் பிள்ளைகள் ஒரு பாத்தி, அதன் பின் ஒரு வயல். எந்த ஒரு செடியும் தன் வாழ்நாளில் மாறவில்லை. வயலில் நிற்கும் செடிகளின் கூட்டுத்தான் மாறியது.

அரிசி மாவை அரிதட்டில் அரிக்கும்போது கப்பி மேலே நிற்கிறது, மா கீழே விழுகிறது. அரிதட்டு எந்தக் கப்பியையும் பெருப்பிக்கவில்லை. இருந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டியது, அவ்வளவுதான். இயற்கைத் தேர்வு என்பது இப்படியான ஓர் அரிப்பு. ஒரேயொரு வித்தியாசம்: அரிதட்டில் நின்ற கப்பி பெருகாது, ஆனால் வயலில் நின்ற புல் பெருகும், பெருகும்போது தன் இயல்பைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும், கொடுக்கும்போது இடைக்கிடை புதிய சிறு வேறுபாடுகளும் தோன்றும். வேறுபாடு, அது பரம்பரையாக இறங்குவது, எல்லாம் பிழைக்க முடியாத நெருக்கடி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் தேர்வு நடந்தே தீரும். அதற்கு யாரும் திட்டமிட வேண்டியதில்லை, எந்தப் புல்லும் முயல வேண்டியதில்லை.

இதை ஒரு செடியை வைத்தே காட்டுகிறேன். விதைத்து இரண்டு கிழமையான வயலில் இறங்கி, நெல் என்று நீர் நினைக்கும் ஒன்றையும் நெற்சப்பி என்று நினைக்கும் ஒன்றையும் பிடுங்கி இரண்டையும் ஒரே கையில் பிடியும். உயரம் ஒன்று, பச்சை ஒன்று, இலை நிற்கும் சாய்வும் ஏறத்தாழ ஒன்றுதான். இப்போது இலை தண்டைவிட்டுப் பிரியும் மூட்டை விரல் நகத்தால் மெல்லப் பின்னுக்கு மடித்துப் பாரும். நெல்லில் அவ்விடத்தில் வெள்ளையாக, மெல்லிய தோல் போன்ற ஒரு சிறு நாக்கும், அதன் இரு பக்கமும் மயிர் முளைத்த இரண்டு சிறு காதுகளும் இருக்கும். நெற்சப்பியில் அந்த இடம் வெறுமையாக வழுவழுவென்று இருக்கும். இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தால்தான் பிரித்தறியலாம் என்னும் அளவுக்கு ஒரு களை எப்படிப் பயிரைப் போலானது?

கை விடை சொல்கிறது. ஆயிரக்கணக்கான வருடங்களாகக் குனிந்து களை பிடுங்கியவர்கள், கண்ணுக்கு வேறாகத் தெரிந்ததைப் பிடுங்கினார்கள். நெல் போலத் தெரிந்ததை விட்டார்கள். விடுபட்டவை விதை உதிர்த்தன. சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் சேகரித்த நெற்சப்பிகளின் பரம்பரைப் பதார்த்தத்தை ஆராய்ந்து 2019 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அங்கு நெல்லைப் போன்ற சாயல் ஏறத்தாழ 1000 வருடங்களுக்கு முன்னர் உருவானதாகக் காட்டியது. அது அங்கு நெற்செய்கையும் சனத்தொகையும் பெருகிய காலம். களை எடுத்த கைகள் நெற்சப்பியை வளர்க்க எண்ணவேயில்லை. ஆயினும் வளர்ப்பவன் இனவிருத்தி செய்வதைப் போலவே அதை உருவாக்கிவிட்டன.

மருந்தின் கதை இன்னும் வியப்பானது. புரோபனில் என்ற களைகொல்லி நெல் வயலில் புல்லைக் கொன்று நெல்லை விட்டுவிடுவதற்குக் காரணம், நெற்செடியிடம் அந்த இரசாயனத்தை உடைத்துப் போடும் ஒரு நொதியம் நிறைய இருப்பதுதான். புரோபனிலுக்குத் தாங்கும் நெற்சப்பி வெளிநாடுகளிலும் இலங்கையிலும் கண்டறியப்பட்டது. அவற்றுள் ஆராய்ந்தவற்றில் அதே வகை நொதியத்தின் செயற்பாடு மற்றப் புற்களில் உள்ளதைவிடப் பல மடங்கு உயர்ந்திருக்கக் கண்டார்கள். களை எடுத்த கைகள் புல்லின் வெளித்தோற்றத்தை நெல்லைப் போலாக்கின. மருந்து அதன் உள்ளியக்கத்தை நெல்லைப் போலாக்கியது. இதை முதலில் வாசித்த அன்று நான் வயலுக்குப் போய் நெடுநேரம் நின்றேன்.

இவ்வளவு எளிதாகத் தெரியும் விடயத்தை ஏன் 19ஆம் நூற்றாண்டு வரை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை? காரணம் நம் எல்லோருடைய எண்ணத்திலும் ஊறிய ஒரு படம்: உயிர்கள் ஒரு ஏணியில் நிற்கின்றன, கீழ்ப்படி புல், மேற்படி மனிதன். கிரேக்கத்தில் அரிஸ்டோட்டில் உயிர்களை ஏறக்குறைய அப்படி வரிசைப்படுத்தினார். நம்மவரில் பலர் திருவாசகத்தின் சிவபுராணத்தில் வரும் "புல்லாகிப் பூடாய்" என்ற அடிகளைக் காட்டி, டார்வினுக்கு முன்னரே நாம் கூர்ப்பை, அதாவது இனங்கள் காலப்போக்கில் மாறுவதை, சொன்னோம் என்கிறார்கள். அந்த அடிகளை நான் நாள்தோறும் ஓதுகிறேன். அதனாலேயே இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. அங்கே பேசப்படுவது ஓர் ஆன்மா பல பிறவிகளில் அலைந்து இளைத்த பயணம். புல்லின் வழித்தோன்றலாகப் புழு வந்தது என்ற கருத்து அதில் இல்லை. மணிவாசகர் சொல்லாததை அவர் மேல் ஏற்றுவது அவருக்கும் மரியாதையில்லை, அறிவியலுக்கும் பயனில்லை. மேலும், ஏணி என்ற படமே பிழை. இன்றைய புல் மனிதனாக ஆகாமல் பின்தங்கி நிற்கவில்லை. அதுவும் நாமும் ஒரே அளவு நீண்ட காலத்தைக் கடந்து வந்த வெவ்வேறு கிளைகள்.

அந்த ஏணியில் முதல் பெரிய வெடிப்பு விழுந்ததில் நம் தீவின் யானைக்கும் பங்குண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1796 இல் பாரிஸில் கியூவியே என்ற உடற்கூற்றியல் அறிஞர், இலங்கையிலிருந்து போன ஒரு யானை மண்டையோட்டையும் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்த ஒன்றையும் பக்கத்தில் வைத்து, கடைவாய்ப்பல்லின் வரிகளை ஒப்பிட்டு, இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று நிறுவினார். பின்னர் சைபீரியாவில் கிடைத்த, யானையைப் போன்ற மம்மத் என்ற விலங்கின் எலும்புகள் இவ்விரண்டிலும் சேராதவை, ஆகவே அது இவ்வுலகில் முற்றாக அற்றுப்போன ஓர் இனம் என்றார். அந்த மண்டையோடுகள் ஒல்லாந்து ஆட்சியாளரின் சேகரிப்பிலிருந்து பிரெஞ்சுப் படையினர் கைப்பற்றிக் கொண்டுபோனவை. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிமைகள் திறையாகக் கொடுத்ததும் யானைகளைத்தான். இனங்கள் அழியக்கூடும் என்ற உண்மை நிறுவப்பட்டதும், படைக்கப்பட்ட வரிசை என்றென்றும் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கை தளர்ந்தது. ஆயினும் கியூவியே ஓர் இனம் இன்னொன்றாக மாறும் என்பதைக் கடைசிவரை ஏற்கவில்லை.

ஏற்றவர் லாமார்க். டார்வின் பிறந்த அதே 1809 இல் வெளிவந்த தம் நூலில், இனங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்று முழுமையான கொள்கையொன்றை முன்வைத்தார். பாடசாலைகளில் அவரை ஒட்டைச்சிவிங்கியின் கழுத்தோடு ஒரு பகிடியாகவே அறிமுகப்படுத்துகிறோம். அது பெரும் அநியாயம். முள்ளந்தண்டிலிகளை ஒழுங்குபடுத்திய பெரும் அறிஞர் அவர், முதுமையில் பார்வை இழந்து வறுமையில் 1829 இல் இறந்தார். பயன்படுத்தும் உறுப்பு வளரும், பயன்படுத்தாதது தேயும், அந்த மாற்றம் பிள்ளைகளுக்கு இறங்கும் என்று அவர் சொன்னதில் பின்பகுதி அவருடைய கண்டுபிடிப்பே அல்ல. அது அக்காலத்தில் எல்லோரும் நம்பியது. உமது அப்பாவும் நம்புகிறார். பெரும்பாலான மனிதர் இயல்பாக நம்புவது அதையே. நாம் பழகுகிறோம், கை காய்ப்பு ஏறுகிறது, வெயில் தாங்குகிறது. ஆகவே புல்லும் பழகும் என்று மனம் தானாகவே எண்ணிக்கொள்கிறது.

டார்வின் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றி வந்தபின், 1838 இல் சனத்தொகை பற்றி மல்தஸ் என்ற பொருளியலாளர் எழுதியதை வாசித்தபோது அவருக்குப் பிடிபட்டது எண்ணிக்கை. உயிர்கள் எல்லாமே தம் இடத்தை நிரப்புவதைவிடக் கூடுதலாகப் பிறப்பிக்கின்றன. அதைக் காட்டுவதற்கு அவர் எலியையோ மீனையோ எடுக்காமல், மிக மெதுவாக இனம் பெருக்கும் யானையை எடுத்தார். 30 வயதில் ஈனத் தொடங்கி 90 வயது வரை ஆறே கன்றுகளை ஈன்று 100 வயது வரை வாழ்வதாக வைத்துக்கொண்டால், ஒரு சோடியிலிருந்து 740 முதல் 750 வருடங்களில் ஏறத்தாழ 190 இலட்சம் யானைகள் உயிரோடு இருக்கும். முதற்பதிப்பில் இந்தக் கணக்கு வேறாக இருந்தது. பிழையைப் பிறர் சுட்டிக்காட்டிய பின்னர் திருத்தினார். ஒட்டுசுட்டான் வீதியில் மாலையில் யானை கடக்கக் காத்து நிற்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும். காடு யானையால் நிரம்பவில்லை. ஏனென்றால் பிறந்தவற்றில் பல பிள்ளை பெறாமலே இறக்கின்றன. யார் பிழைக்கிறார்கள் என்பது முழுக்க முழுக்கத் தற்செயலாக இல்லாதிருந்தால் போதும். சிறு வேறுபாடு ஒன்று பிழைப்பவர் பக்கம் சற்றே சாய்ந்திருந்தால், தலைமுறை தலைமுறையாக அது கூடிக்கொண்டே போகும்.

இதே எண்ணம், இதே மல்தஸை நினைத்தபடி, இன்னொருவருக்கும் வந்தது. 1858 பெப்ரவரியில் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் வாலஸ் என்ற இயற்கையியலாளர் விட்டுவிட்டு வரும் காய்ச்சலில், குளிரும் சூடும் மாறி மாறி உலுக்கக் கிடந்தபோது, பிழைப்பவை எவை, ஏன் என்று யோசித்தார். மலேரியாவில் நடுங்கிய வன்னியின் முதியோருக்கு அந்தக் கிடை எப்படிப்பட்டது என்று விளக்கவேண்டியதில்லை. காய்ச்சல் தணிந்ததும் எழுதி டார்வினுக்கே அனுப்பினார். 20 வருடமாக வெளியிடாமல் வைத்திருந்த டார்வின் அதிர்ந்துபோனார். இருவருடைய கட்டுரைகளும் 1858 ஜூலை 1 ஆம் திகதி லண்டன் லின்னேயக் கழகத்தில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. டார்வினின் நூல் 1859 நவம்பர் 24 ஆம் திகதி வெளிவந்தது.

இங்கே சொற்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாம் கூர்ப்பு என்கிறோம், தமிழ்நாட்டில் பரிணாமம் என்கிறார்கள். கூர்ப்பு என்றதும் ஏதோ ஒரு முனையை நோக்கிக் கூராகிக்கொண்டு போவது போல் மாணவருக்குத் தோன்றுகிறது. தேர்வுக்கு அப்படி ஒரு முனை கிடையாது. அதைவிடக் கேடு செய்வது "வல்லது வாழும்" என்ற தொடர். இதன் மூலத்தொடர் டார்வின் ஆக்கியதே அல்ல. 1864 இல் ஸ்பென்சர் என்ற தத்துவ அறிஞர் ஆக்கிய சொற்றொடரை டார்வின் 1869 ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏற்றுக்கொண்டார். அதுவும் சூழலுக்குத் தக்கது பிழைக்கும் என்றே பொருள்படும், வலிமையைப் பற்றியதன்று. புரோபனில் அடித்த வயலில் பிழைத்த புல் மற்றதைவிட வலிமையானதாக இருக்கவேண்டியதில்லை. மருந்தில்லாத வயலில் அது பின்தங்கவும் கூடும். "தக்கன பிழைக்கும்" என்றே எழுதப் பழகும்.

டார்வினிடம் ஒரு பெரிய ஓட்டை இருந்தது, அதை அவரும் அறிவார். இயல்புகள் எப்படி இறங்குகின்றன என்பது அவருக்குத் தெரியாது. தாயின் இயல்பும் தந்தையின் இயல்பும் பாலும் தண்ணீரும் போலக் கலக்கின்றன என்றே அக்காலத்தார் எண்ணினர். அப்படியானால், 1867 இல் ஜெங்கின் என்ற பொறியியலாளர் கேட்டார், ஒரு நல்ல வேறுபாடு ஒரேயொரு உயிரில் தோன்றினால் என்ன பயன்? ஒரு பானைப் பாலில் ஒரு சொட்டுச் சாயம் விழுந்தது போல, சில தலைமுறைகளில் அது கரைந்து காணாமற் போகுமே. கேள்வி கூர்மையானது. அதற்கு விடை காண முயன்ற டார்வினே, உடல் பெற்ற மாற்றம் பிள்ளைக்கு இறங்கலாம் என்று லாமார்க்கின் பக்கம் ஓரளவு சாய்ந்தார். ஆகவே பாடப்புத்தகத்தில் இருவரையும் எதிரெதிரே நிறுத்தும் அட்டவணையை முழுதாக நம்பவேண்டாம்.

விடை அப்போதே அச்சில் இருந்தது. 1866 இல் மெண்டல் என்ற துறவி தம் பட்டாணிச் செடிகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரை, இயல்புகள் கலந்து கரைவதில்லை, தனித்தனி அலகுகளாகக் கைமாறுகின்றன என்று காட்டியது. 1900 வரை அதை உரியவாறு யாரும் கண்டுகொள்ளவில்லை. கரையாத அலகு என்றதும் ஜெங்கினின் கேள்வி வலுவிழந்தது. ஒரு செடியில் தோன்றிய விகாரம் பத்துத் தலைமுறை மறைந்து கிடந்தாலும் சிதையாமல் இருக்கும். 1930 அளவில் பிஷர், ஹால்டேன், ரைட் ஆகிய மூன்று அறிஞரும் மெண்டலின் அலகுகளையும் டார்வினின் தேர்வையும் கணிதத்தால் இணைத்தார்கள். இடையில் வைஸ்மன் என்ற ஜெர்மானியர் ஐந்து தலைமுறை எலிகளின் வாலை வெட்டி, பிறந்த 901 குட்டிகளில் ஒன்றேனும் வாலின்றிப் பிறக்கவில்லை என்று காட்டினார். நமக்கு அந்தப் பரிசோதனை தேவையில்லை. எத்தனை தலைமுறையாக நம் பெண்பிள்ளைகளுக்குக் காது குத்துகிறோம். ஒரு குழந்தையாவது துளையோடு பிறந்ததுண்டா?

ஆனால் வைஸ்மனின் எலி உமது கேள்விக்கு முழு விடையாகாது. வாலை வெட்டுவது வெறும் காயம். மருந்தோ உயிரின் உள்ளே புகுந்து வேலை செய்கிறது, அது விகாரத்தையே தூண்டாதா? இதைத் தீர்த்தது 1943 இல் லூரியா, டெல்புரூக் என்ற இரு அறிஞர்கள் செய்த பரிசோதனை. என் கணிப்பில் கூர்ப்பு வரலாற்றிலேயே மிக அழகானது அது. பற்றீரியாவைக் கொல்லும் ஒரு வைரசை அவர்கள் எடுத்தார்கள். மிகச் சில பற்றீரியாக்களை இட்டு, தனித்தனிக் குழாய்கள் பலவற்றில் பெருக விட்டார்கள். பின்னர் ஒவ்வொரு குழாயிலிருந்தும் எடுத்து வைரசுக்கு முன்னால் வைத்தார்கள்.

இப்படி யோசியும். ஒரே விதைநெல்லைப் பத்து நாற்றுமேடையில் தனித்தனியே வளர்க்கிறீர். பத்துக்கும் ஒரே நாளில் மருந்து அடிக்கிறீர். தாங்கும் தன்மை மருந்தைக் கண்ட பின்னர்தான் வருகிறதென்றால், ஒவ்வொரு மேடையிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை பிழைக்கவேண்டும். தாங்கும் தன்மை முன்னரே தற்செயலாகத் தோன்றியதென்றால் கணக்கு வேறாக வரும்: பரிசோதனைக் குழாய்களில் என்றால், பெருக்கத்தின் தொடக்கத்திலேயே விகாரம் நேர்ந்த குழாயில் அதன் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், கடைசியில் நேர்ந்ததில் ஒன்றிரண்டு இருக்கும், நேராததில் ஒன்றுமே இராது. லூரியாவும் டெல்புரூக்கும் கண்டது இந்த இரண்டாவதைத்தான். பல குழாய்களில் ஒன்றுமில்லை, சிலவற்றில் ஏராளம். வைரசை எதிர்கொள்வதற்கு முன்னரே, அதனோடு எவ்விதத் தொடர்புமின்றி, விகாரம் நேர்ந்திருந்தது. "பழகிவிட்டது" என்ற விளக்கம் விழுந்த இடம் இதுதான். டார்வின் இறந்து 61 வருடங்களின் பின்னர்.

மனிதர் மருந்து அடிக்காத இடத்திலும் இதே அரிப்பு நடப்பதை அளந்திருக்கிறார்கள். யானையிலிருந்தே இன்னொன்று. நம் காடுகளில் கொம்பில்லாத ஆண் யானையை அலியன் என்றும் கொம்புள்ளதைக் கொம்பன் என்றும் சொல்கிறோம். இலங்கை ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றுக்கே கொம்பு உண்டு. நூற்றாண்டுகளாகக் கொம்பனைத் தேடிப் பிடித்ததே காரணம் என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். தீவில் ஒதுங்கிய கூட்டங்களில் தற்செயலாக நேரும் மாற்றமும் அதில் கலந்திருக்கக்கூடும் என்பதால், பரீட்சையில் அதைச் சான்றாக எழுதவேண்டாம். மொசாம்பிக்கின் கொரொங்கோசா தேசிய பூங்காவை எழுதும். அங்கே 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காகவும் இறைச்சிக்காகவும் யானைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கொல்லப்பட்டன. போருக்கு முன்னர் பெண் யானைகளில் ஏறத்தாழ 18 வீதம் கொம்பற்றவை. போரின் பின்னர் 51 வீதம். அந்த இயல்பு எந்த நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இறங்குகிறது என்பதையும் 2021 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு போர் ஒரு காட்டு மிருகத்தின் உடலில் எழுதிவிட்டுப் போனது அது.

மலேரியாவுக்கும் திரும்பி வரவேண்டும், ஏனென்றால் வன்னியில் குடியேறியவர்களின் கதையே அந்த நுளம்போடு பின்னியது. 1946 இல் இலங்கையில் 28 இலட்சம் வரையான மலேரியா நோயாளர் பதிவானார்கள். வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லியைத் தெளிக்கத் தொடங்கியபின் 1963 இல் அந்த எண்ணிக்கை 17 ஆனது. ஒழிந்துவிட்டதென்று தெளிப்பைக் குறைத்தார்கள். 1960களின் இறுதியில் பெரும் தொற்று திரும்பியது. மீண்டும் தெளித்தபோது, நோயைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்பு டி.டி.ரி.யைத் தாங்கி நின்றது 1969 இல் உறுதியானது, 1977 இல் மலத்தியன் என்ற வேறு பூச்சிகொல்லிக்கு மாறவேண்டியிருந்தது. நோய் திரும்பியதற்குத் தெளிப்பை நிறுத்தியதே முதற்காரணம். ஆனால் பழைய ஆயுதத்தை மீண்டும் எடுத்தபோது அது மழுங்கியிருந்ததற்குக் காரணம் இயற்கைத் தேர்வு. கடைசியில் ஒரே மருந்தை நம்பாமல், மாற்றி மாற்றித் தெளித்து, ஒவ்வொரு நோயாளரையும் தேடிப் பிடித்து வென்றார்கள். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது.

நெல்லுக்கும் இதே கதை. நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான கபிலநிறத் தத்தியைத் தாங்கும் ஐ.ஆர். 26 என்ற நெல் 1973 இல் வெளிவந்தது. அந்த ஒரே எதிர்ப்பியல்பைப் பல்லாயிரம் ஏக்கரில் ஒரே சீராகப் பயிரிட்டதும், சில வருடங்களுக்குள் அதை வெல்லும் தத்திகள் பெருகின. 1976 இல் வேறோர் எதிர்ப்பியல்பு கொண்ட ஐ.ஆர். 36 வந்தது. இந்த எதிர்ப்பியல்புகளை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? பெரும்பாலும் இந்தியாவினதும் இலங்கையினதும் பழைய நெல்லினங்களிலிருந்து. ரத்து ஹீனட்டி என்ற இலங்கைச் சிவப்பு நெல்லிலிருந்து வந்த பரம்பரையலகு தத்திக்கு எதிராக உலகெங்கும் பயன்படுகிறது. தேர்வுக்கு மூலப்பொருள் வேறுபாடு. வேறுபாடு வாழ்வது பழைய விதைகளில். பச்சைப்பெருமாளையும் மொட்டைக்கறுப்பனையும் நான் வெறும் பழைமைப் பற்றினால் ஒரு பாத்தியில் வைத்திருக்கவில்லை.

பயிரைப் போலாகும் களைகளைப் பற்றி முதலில் விளக்கியவர் ரஷ்யத் தாவரவியலாளரான வவிலோவ். கோதுமை வயலில் களையாக நின்ற றை என்ற புல், மனிதர் புடைத்தும் பொறுக்கியும் எடுக்க எடுக்கக் கோதுமை மணியைப் போலாகி, குளிர் கூடிய இடங்களில் கடைசியில் தானே பயிராகிவிட்டது என்று அவர் காட்டினார். உலகெங்கும் திரிந்து விதை சேர்த்த அந்த மனிதரை, மெண்டலின் பரம்பரையியலைப் பொய்யென்ற சோவியத் வேளாண்மையாளர் லைசென்கோவின் செல்வாக்கு ஓங்கிய காலத்தில், 1940 இல் கைதுசெய்தார்கள். 1943 இல் சிறையில் இறந்தார். பயிர்களைப் பழக்கினால் மாறும், அந்த மாற்றம் இறங்கும் என்பதே லைசென்கோவின் வாதம். அதே வருடங்களில் லெனின்கிராட் முற்றுகையிடப்பட்டபோது வவிலோவின் சகாக்கள் சிலர் தாம் காத்த விதைகளில் கைவைக்காமல் பட்டினியில் இறந்தார்கள். நெல் சேகரிப்பைக் காத்தவரும் அவர்களில் ஒருவர். 2009 இல் விதைநெல் மூட்டையை வழியில் இறக்கிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அப்படி விட்டுப்போன விதைகள் எத்தனை என்று எண்ணும்போது எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

இனி உமது அப்பாவின் வயலுக்கு வருவோம். புல் பழகவில்லை, அரிபட்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் செய்யவேண்டியது மாறுகிறது. ஒரே மருந்தைப் போகம் போகமாக அடிப்பது அதே அரிதட்டில் திரும்பத் திரும்ப அரிப்பது. ஆகவே வேறு விதமாக வேலை செய்யும் மருந்துக்கு மாறவேண்டும். பெயர் மாறினால் போதாது, கடையில் வேறு பெயரில் விற்பதும் ஒரே வகை மருந்தாக இருக்கலாம். போத்தலில் உள்ள செயற்படு பொருளைப் பார்த்து விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கச் சொல்லும். சிக்கனத்துக்காக அளவைக் குறைத்து அடிப்பதும் ஆபத்து: அரைகுறையாகத் தாங்கும் செடிகளும் பிழைத்து, தமக்குள் கலந்து, முழுதாகத் தாங்கும் பிள்ளைகளைப் பெறும். விதைப்புக்கு முன் நீர் பாய்ச்சிப் புல்லை முளைக்கவிட்டு உழுது மடிப்பதும், முளைத்த பின் வயலில் நீரை உயர்த்தி வைப்பதும் மருந்தைத் தாங்கிய புல்லையும் தாங்காததையும் வேறுபாடில்லாமல் அடக்கும்.

எல்லாவற்றையும்விட ஒன்றைத் தவறவிடவேண்டாம். மருந்து அடித்து மூன்று கிழமையின் பின் வயலில் பச்சையாக நிற்கும் நெற்சப்பிகள் எண்ணிக்கையில் சிலவாகத்தான் இருக்கும். நெல் அறுவடைக்கு வருவதற்கு முன்னரே அவை விதையை உதிர்த்துவிடும்; ஒரு செடியே ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். அவை பூப்பதற்கு முன்னர் நீரும் அப்பாவும் இறங்கி ஒவ்வொன்றாகப் பிடுங்கி வரம்புக்கு வெளியே போடுங்கள். சந்தேகம் வந்தால் இலையின் மூட்டை மடித்துப் பாருங்கள். நாக்கும் காதும் இருந்தால் விட்டுவிடுங்கள், வெறுமையாக இருந்தால் நெல்லைப் போல எவ்வளவு அழகாக நின்றாலும் பிடுங்குங்கள்.